மோதிர விரலுக்கு வராத பந்து

சிமிழ் என்று ஒரு கணினி மொழி உண்டு. லிஸ்ப் என்கிற பெரிய, பழைய குடும்பத்தின் கடைக்குட்டி. அதில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டும். அந்த அடைப்புக்குறியை இன்னொரு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். உலகம் முழுக்கத் தேடி அதை எழுதத் தெரிந்தவர்களைத் திரட்டினாலும் ஒரு மினி பஸ் நிறையாது. அதைக் கற்றுக்கொண்டு எந்தக் கம்பெனியிலும் வேலைக்குப் போக முடியாது. சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்யலாம், அவ்வளவுதான்.

அந்த மினி பஸ்ஸில் ஆறு பேர் பாளையங்கோட்டைக்காரர்கள். ஒரு டயர் கடையின் மாடியில், சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் தாஹிரா. வயது முப்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டார். பேசினால் கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தில் பாதி கேட்காது.

சீடர்களில் மூத்தவர் வேதமுத்து. வயது அறுபத்தொன்று. கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது மனசு கேட்காமல் நாலு மார்க், அஞ்சு மார்க் கூட்டிப் போட்டே பழகியவர். மாணவர்கள் அவருக்கு 'கிரேஸ் மார்க் முத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

முதல் நாள் தாஹிரா அவரை 'சார்' என்றார்.

"அது வேண்டாம் டீச்சர். இங்க நான் படிக்க வந்தவன்."

"அப்ப எப்படிக் கூப்பிட?"

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"வாய் வரமாட்டேங்குது. அண்ணாச்சின்னு கூப்பிடுதேன்."

அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த மாடியறையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு விளையாட்டை எழுதி முடித்தால் அதை முன்வரிசைக் கணினியில் போடுவார்கள். இன்னொருவர் உட்கார்ந்து விளையாடுவார். எழுதினவர் பின்சுவருக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விளையாடுகிறவர் எழுந்திருக்கிற வரை வாய் திறக்கக் கூடாது. 'அந்தப் பொத்தானை அமுக்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் தாஹிரா விளையாட்டை நிறுத்திவிடுவார். வேதமுத்துவுக்கு முதல் மாதத்தில் மூன்று முறை நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டார்.

சிமிழுக்கு ஒரு விசேஷம் உண்டு. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமல், வேறொரு கணினியிலிருந்து அதன் உள்ளே கைவைத்து மாற்றலாம். ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற மாதிரி. விளையாடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. கணித மூளைக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. வேதமுத்து சிமிழிடம் சொக்கிப்போனது இதில்தான்.

இந்த விசேஷம்தான் அவரைக் கவிழ்த்தது.

அவர் மனைவி ஜெபக்கனி, பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் விளையாட்டு ஆசிரியை. எறிபந்து அணியை மாவட்டம் மாவட்டமாக அழைத்துப் போனவர். நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்க்கும்போது, அவருக்கு இடது பக்கம் வாதம் வந்துவிட்டது. கால் சீக்கிரம் தேறியது. கை தேறவில்லை.

"முதல் ஆறு மாசம் முக்கியம். விரலுக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருக்கணும். அதுக்கப்புறம் கஷ்டம்," என்றார் டாக்டர்.

பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். ஜெபக்கனி அதை மூன்றாம் நாள் வலது கையால் பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள் எறிந்துவிட்டார்.

அப்போதுதான் வேதமுத்து சிமிழில் ஒரு விளையாட்டு எழுதினார். பதினோரு நாள் வேலை. திரையில் ஒரு வலை. வலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று பந்து எறிவான். பந்து மூன்று வழியில் வரும். ஆள்காட்டி விரலுக்கு ஒரு பொத்தான், நடுவிரலுக்கு ஒன்று, மோதிர விரலுக்கு ஒன்று. சரியான விரலால் சரியான நேரத்தில் அமுக்கினால் பந்தைப் பிடிக்கலாம். தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. பதினைந்து புள்ளிக்கு ஓர் ஆட்டம்.

ஜெபக்கனி உட்கார்ந்தார். தினமும் அரை மணி நேரம் விளையாடினார். தினமும் ஜெயித்தார். வேதமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது வாரம் விளையாடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அலுப்பா இருக்கு," என்றார். பேப்பரை ஒற்றைக் கையால் மடித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஒன்பதரைக்கே வேதமுத்து மாடியேறினார். அறையில் தாஹிரா மட்டும் இருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஜெயிச்சுக்கிட்டே இருக்கிறவ ஏன் விளையாட மாட்டேங்கா?"

தாஹிரா அவரைப் பார்த்தார்.

"பாட்டு சேர்க்கட்டுமா? கலரை மாத்தட்டுமா? கைதட்டுற சத்தம் வச்சா நல்லா இருக்கும்னு தோணுது. டீச்சர், இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. எதையாவது செய்யணும்."

 

"விளையாட்டைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

வேதமுத்து மடிக்கணினியை எடுத்துக் கொடுத்தார். தாஹிரா விளையாட்டைத் திறக்கவில்லை. அதன் குறிப்பேட்டைத் திறந்தார். சிமிழில் எழுதிய ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு நடந்ததையெல்லாம் தானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் பந்து எந்த விரலுக்கு வந்தது, யார் எந்த நேரத்தில் உள்ளே கைவைத்து எதை மாற்றினார்கள், எல்லாம் அதில் இருக்கும்.

தாஹிரா பக்கம் பக்கமாகப் படித்தார். கீழே ஒரு லாரி வந்து நின்று, காற்றடித்துக்கொண்டு போனது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

குறிப்பேட்டை மூடினார்.

"கிணறு விளையாடுதீங்களா அண்ணாச்சி?"

"இப்பவா?"

"இப்பத்தான்."

கிணறு, தாஹிரா எழுதிய விளையாட்டு. மொத்தமே அறுபது வரி. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் கயிறு இறங்கும். வாளி நிறைகிற கணத்தில் கையை எடுக்க வேண்டும். முந்தினால் வாளி காலி. பிந்தினால் 'டக்' என்று கயிறு அறுந்துவிடும், ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு குடத்துக்கும் வேகம் கூடும். தாஹிராவின் மேஜைக்குப் பின்னால் ஒரு கரும்பலகையில், அதிகக் குடம் இறைத்தவரின் பெயர் இருக்கும். இப்போது இருபத்தாறு குடத்தோடு ஒரு பல் டாக்டரின் பெயர் இருந்தது. வேதமுத்து ஒரு வருஷமாக முட்டிமோதிக்கொண்டிருக்கிறார். ஒன்பது குடத்துக்கு மேல் போனதில்லை. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

உட்கார்ந்தார். மனசு எங்கேயோ இருந்தது. ஆனாலும் விரல் தானாக ஓடியது.

ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

வேதமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினைந்து. பதினெட்டு. இன்றைக்கு வாளி சொன்ன பேச்சு கேட்டது. கயிறு எவ்வளவு இழுத்தாலும் தாங்கியது. இருபதைத் தாண்டியபோது அவர் மூச்சு விடுவதையே மறந்தார். ஜெபக்கனியை, டாக்டரை, ரெண்டு மாசத்தை, எல்லாவற்றையும் அந்தச் சில நிமிஷம் மறந்துவிட்டார். இருபத்தாறு. இருபத்தேழு!

"டீச்சர்!"

எழுந்து கிட்டத்தட்ட ஓடினார். சாக்பீஸை எடுத்தார். பல் டாக்டரின் பெயரை உள்ளங்கையால் அழித்தார். தன் பெயரின் முதல் எழுத்தைப் போடும்போது, தற்செயலாக, பக்கத்தில் தாஹிராவின் திரை கண்ணில் பட்டது.

திரை நிறைய அடைப்புக்குறிகள். ஒவ்வொரு வரியிலும் கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் வாளி கொஞ்சம் மெதுவாக நிறைந்திருந்தது. கடைசி வரியின் முனையில், அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டுகிற குச்சி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

வேதமுத்து சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுத்தார்.

"நீங்க சுவர்கிட்டப் போகலியே டீச்சர்."

"இல்ல. போகல."

"எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

"ஒரு வருஷமா கஷ்டப்படுதீங்களே, பாவம்னு."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. "நான் உங்ககிட்டக் கேட்டனா? ஒன்பது குடம்னாலும் அது நான் இறைச்சது. பாவம் பார்க்க நான் என்ன..."



தாஹிரா அவருடைய மடிக்கணினியைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. மூன்று விரல்களுக்கும் வந்த பந்துகளின் கணக்கு அதில் இருந்தது. ஆள்காட்டி விரலுக்கு எழுநூற்று முப்பத்தாறு. நடுவிரலுக்கு அறுநூற்றுப் பதினொன்று. மோதிர விரலுக்கு, முதல் நாள் காலையில் வந்த நான்கு.

அந்த நான்கையும் ஜெபக்கனி தவறவிட்டிருந்தார். உள் அறையில் உட்கார்ந்திருந்த வேதமுத்துவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஐந்தாவது பந்திலிருந்து அவர் கைவைக்க ஆரம்பித்தார். மோதிர விரலை நோக்கிக் கிளம்பிய ஒவ்வொரு பந்தையும் பாதி வழியில் திருப்பிவிட்டார். மற்ற பந்துகளின் வேகத்தைக் குறைத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேதமுத்து சாக்பீஸைக் கீழே வைத்தார். துணியை எடுத்துத் தன் பெயரின் முதல் எழுத்தைத் துடைத்தார். பல் டாக்டரின் பெயரையும் இருபத்தாறையும் பழையபடி எழுதினார். கையெழுத்து கோணலாக வந்தது.

"நான் வீட்டுக்குப் போறேன் டீச்சர்."

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

வீட்டில் ஜெபக்கனி பேப்பரோடுதான் இருந்தார். காலையில் படித்த அதே பக்கம். வேதமுத்து நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கனி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த விளையாட்டுல, உள் ரூம்ல இருந்துக்கிட்டு நான்..."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது வாரமே." பேப்பரை மடியில் போட்டார். "வலைக்கு எதிர்ல நிக்கிறவன் எங்க எறிவான்? எவ கை தளர்ந்திருக்கோ அங்கதான எறிவான்? நான் ஒரு விரலைத் தூக்க முடியாம உக்காந்திருக்கேன். அவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கான். முப்பது வருஷத்துல அப்படி ஒரு நல்லவனை நான் எந்த மைதானத்துலயும் பார்த்ததில்ல."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? பதினோரு நாளு சாப்பாடு மறந்து உக்காந்து எழுதுனீங்க." ஜெபக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவ இனிமே இவ்வளவுதான்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்களோன்னு இருந்துச்சு. அதான் விளையாடப் பிடிக்கல."

வேதமுத்துவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷத்தில் அவர் மனைவியிடம் எத்தனையோ மன்னிப்புக் கேட்டிருக்கிறார், பெரும்பாலும் சண்டை முடியட்டும் என்பதற்காக. இன்றைக்கு அப்படியில்லாமல், "மன்னிச்சிரு கனி," என்றார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்த இன்னொரு கம்ப்யூட்டரைக் கொண்டாங்க."

கொண்டு வந்தார்.

"பீரோவுல வைங்க. பூட்டுங்க. சாவியை இங்க கொடுங்க."

சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு ஜெபக்கனி மேஜை முன்னால் உட்கார்ந்தார். வலது கையால் இடது கையைத் தூக்கி விசைப்பலகைமேல் வைத்தார். ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதனதன் பொத்தான்மேல் படிய விட்டார்.

வேதமுத்து கூடத்துச் சுவருக்குப் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூக்குக்கு நேரே சர்ச்சில் கொடுத்த காலண்டர் தொங்கியது.

முதல் பந்து. 'டொப்'. தரையில் விழுந்த சத்தம். அந்தச் சத்தத்தைச் செய்தவரே அவர்தான். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சரிப்படுத்தியது. அதை ஏன் இவ்வளவு தத்ரூபமாகச் செய்தோம் என்று இப்போது இருந்தது.

டொப். டொப். ஒரு பிடி. டொப்.

அவர் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன. காலண்டரில் தேதியைப் படித்தார். கிழமையைப் படித்தார். அன்றைய வசனத்தைப் படித்தார். மறுபடியும் தேதியைப் படித்தார். டொப்.

"பதினைஞ்சுக்கு ரெண்டு," என்றார் ஜெபக்கனி.



பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறினார். அது சிரிப்பு. நான்கு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு, ஒரு ஓரம் மட்டும் இன்னும் கோணலாக வந்தது.

"கடன்காரப் பய, எங்க எறியுதான் பாருங்க! கண்ணு வச்சு மோதிர விரலுக்கே எறியுதான்! இருலே, உன்னை..."

வேதமுத்து திரும்பவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைப் பிரிக்கவில்லை.

"இன்னொரு ஆட்டம்," என்றார் ஜெபக்கனி, விசில் ஊதிப் பழகிய அந்தக் குரலில்.

அன்றைக்கு ஏழு ஆட்டம் நடந்தது. ஏழிலும் தோற்றார்.

டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்த ஒரு சனிக்கிழமை, டயர் கடை மாடிப்படியில் ரெண்டு பேர் ஏறினார்கள். படியின் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. ஜெபக்கனி அதைப் பிடித்துத்தான் ஏறினார். நாலு படிக்கு ஒரு முறை நின்று, விரல்களைச் சரிபார்த்துக்கொண்டு ஏறினார். வேதமுத்து ஒரு படி பின்னால் வந்தார். தாங்குவதற்கு இரண்டு முறை கையை நீட்டி, இரண்டு முறையும் இழுத்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர்," என்றார் தாஹிரா.

"நீங்கதான் டீச்சரா? உங்க மாணவருக்கு நல்லா நிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. எங்க வீட்டுக் காலண்டரு தேஞ்சு போச்சு," என்றார் ஜெபக்கனி. பிறகு கரும்பலகையைப் பார்த்தார். "யாரு அது, இருபத்தாறு?"

"பல் டாக்டர். அது கிணறு விளையாட்டு."

"போடுங்க பார்ப்போம்."

கிணறு திரையில் வந்தது. ஜெபக்கனி உட்கார்ந்தார். பொத்தான்மேல் எந்த விரலையும் வைக்கலாம், அதற்கு விதி கிடையாது. அவர் மோதிர விரலை வைத்தார்.

தாஹிரா எழுந்து பின்சுவருக்குப் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கைகளைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் வேதமுத்துவும் வந்து நின்றார்.

"இது நீங்க எழுதினது இல்லையே அண்ணாச்சி," என்றார் தாஹிரா, தாழ்ந்த குரலில்.

"இல்லதான் டீச்சர். இருந்தாலும்..."

இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். வெள்ளையடித்த வெறும் சுவர், படிக்கக் காலண்டர்கூட இல்லை. பின்னால் கயிறு இறங்கியது. டக். மறுபடியும் முதலிலிருந்து. கயிறு இறங்கியது, தண்ணீர் சத்தம். கயிறு இறங்கியது, ஒரு 'ச்சே'. டக். மறுபடியும்.

வெகுநேரம் ஆயிற்று. கீழே காற்றடிக்கிற சத்தம் வேறு, பின்னால் நடப்பது எதுவும் சரியாகக் கேட்கவில்லை. வேதமுத்து பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், அவ ஜெயிக்குதாளா, தோக்குதாளா?"

தாஹிராவும் தலையைத் திருப்பவில்லை.

"விளையாடுதாங்க, அண்ணாச்சி."